இருபது வயது தாண்டிய கொரோலா: திருத்துவதா, விற்பதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களிடம் 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 இருக்கிறது. 1,500 சீசி எஞ்சின், ஓட்டோ கியர், இரண்டரை இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. அப்பா வாங்கிய கார். இப்போது வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் ஓட்டுகிறேன். எஞ்சின் ஒயில் குறைகிறது, கியர் மாறும்போது இடிக்கிறது, முன்சில்லுப் பக்கம் சத்தம், ஏசியும் சரியில்லை. கராஜில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இப்படியே விற்றால் 40 இலட்சம் தர ஒருவர் தயார். கணவர் 75 இலட்சத்துக்கு ஒரு 2014 டொயோட்டா விட்ஸ் பார்த்து வைத்திருக்கிறார். என்ன செய்வது?"

இன்னும் ஒரு வாரத்துக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் எஞ்சின் இருக்கிறது, கியர் இருக்கிறது, ஏசிகூட இருக்கிறது. காரின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. முடிவு அங்கேதான் கிடக்கிறது.

திருத்தச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். கார் வருடத்துக்கு வருடம் மலிந்துகொண்டு போகும் நாடுகளுக்கு அந்தக் கணக்கு சரி. இங்கே இறக்குமதி வரி ஒரு பக்கம். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதியை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள் என்பது இன்னொரு பக்கம். பழைய கார்கள் விலை இறங்காமல் நின்றுவிட்டன. 40 இலட்சத்தில் பாதி 20 இலட்சம். ஒரு பழைய கொரோலாவில் 20 இலட்சம் கொட்டலாம் என்று சொல்லும் கணக்கு நமக்கு எதற்கு?

மாதக் கணக்காகப் பாருங்கள். விட்ஸுக்கு நீங்கள் மேலே போட வேண்டியது 35 இலட்சம். வட்டியே இல்லை என்று வைத்து 5 வருடத்துக்குப் பிரித்தாலும் மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதாவது உங்கள் எஸ்டிமேட் முழுவதும் பதினொரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும். லீசிங் எடுத்தால் வட்டியும் முழுக் காப்புறுதியும் அதற்கு மேல். திருத்திய கார் இரண்டு வருடம் பெரிய தொல்லை தராமல் ஓடினாலே திருத்துவது இலாபம்.

ஆனால் இதெல்லாம் உடம்பு நன்றாக இருந்தால்தான். எஞ்சினும் கியர்பொக்ஸும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் ரெக்கண்டிஷனாகக் கிடைக்கும். உக்கிப்போன பொடி எங்கேயும் கிடைக்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் வெளியில் நிற்கும் கார்களைக் கடற்காற்று கீழிருந்து தின்னும். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே கறள் ஓடிக்கொண்டிருக்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கும் ஹொயிஸ்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே போய் நில்லுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, பின்சில்லு வளைவின் உட்பக்கம், சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடங்கள், கார்பெட்டைத் தூக்கித் தரைத்தகடு, போனட்டைத் திறந்து முன் ஷொக் அப்சோபரின் தலை பொருந்தும் இடம். இவ்வளவையும் பாருங்கள். மேலோட்டமான கறள் பயப்பட வேண்டியதில்லை, சுரண்டிப் பூசிவிடலாம். ஸ்குரூ டிரைவரால் அழுத்தும்போது தகடு அமிழ்ந்தால் அது வேறு கதை. ஒரு சிறு காந்தமும் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்குக் கீழே தகட்டுக்குப் பதிலாகப் பட்டிப் பசை நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

தாங்கும் பகுதிகள் உக்கியிருந்தால் என் பதில் விற்றுவிடுங்கள் என்பதே. விபத்தில் பிள்ளைகளைக் காப்பது அந்தத் தகடுகள்தான். வாங்குபவருக்கும் உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். மறைத்துப் பெயிண்ட் அடித்து விற்றால் ஆபத்து இன்னொரு குடும்பத்துக்குப் போகும்.

உடம்பு சரி என்றால் அந்த எஸ்டிமேட்டைப் பிரிப்போம். ஒயில் குறைகிறது என்றவுடன் எஞ்சினை இறக்க விடாதீர்கள். முதலில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லை, எரிகிறது என்றால் எப்போது நீலப்புகை வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து நின்றால் பெரும்பாலும் வால்வ் சீல். எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். ஓட்டத்தில் அக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கொம்பிரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சின் வேலைக்கு விலை சொல்லும் கராஜை நான் நம்பமாட்டேன். எஞ்சினையே மாற்றும் நிலை வந்தால், அது வந்த வழிக்குரிய ஆவணங்களை வாங்கி, புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கியர் இடிப்பதற்கும் உடனே கியர்பொக்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் அப்படித்தான் இடிக்கும், அது சின்னச் செலவு. கியர் ஒயிலையும் பாருங்கள். கறுத்து, கருகிய மணம் வந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது.

முன்சில்லுச் சத்தம் பாதுகாப்பு விஷயம், உடனே செய்யுங்கள். ஏசி காத்திருக்கலாம்.

கணவரின் விட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கொரோலாவின் நோய் உங்களுக்குத் தெரியும், அந்தக் காரின் நோய் தெரியாது. அதையும் இதே போல ஹொயிஸ்டில் ஏற்றிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் களனி ஆற்று வெள்ளம் புகுந்த இடங்களில் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. அவை கழுவித் துடைத்து விற்பனைக்கு வரலாம்.

அப்புறம், வருமான அனுமதிப் பத்திரம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒயில் எரிக்கும் எஞ்சின் அதற்கான புகைப் பரிசோதனையில் தோற்கலாம், ஆகவே கொம்பிரஷன் டெஸ்டை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவுகளையும் அடிப்பக்கத்தில் எடுத்த படங்களையும் அனுப்பினால், எஞ்சினில் எதுவரை செலவழிக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.