சம்பளம் நின்று எட்டு மாதம்: திரும்ப வேலைக்குப் போகட்டுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. எட்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டேன். வீடு சொந்தம், கடன் எதுவும் இல்லை. நான் திட்டமிட்ட ஆண்டுச் செலவைப்போல் 27 மடங்கு சேமிப்பு இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் பங்குகளில். கணவர் இன்னும் மூன்று ஆண்டு வேலை பார்ப்பார். திட்டமிட்ட செலவில் பாதி அவர் சம்பளத்தில் நடந்துவிடும். ஆனால் மாதச் செலவு நான் போட்ட கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது. சந்தை இறங்கினால் தூக்கம் வருவதில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை போனில் கணக்கைப் பார்க்கிறேன். பகல் எப்படிக் கழிகிறது என்றும் தெரியவில்லை. ‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்று வீட்டில் ஜாடையாகப் பேச்சு வருகிறது. திரும்ப வேலைக்கே போய்விடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் திட்டமிட்ட செலவை மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200. அதைப்போல் 27 மடங்கு என்றால் கையில் இருப்பது 32,400. இப்போது மாதம் 120 ஆகிறது; அதில் 50 கணவர் சம்பளத்தில் போய்விடுகிறது. ஆக, சேமிப்பிலிருந்து நீங்கள் எடுப்பது மாதம் 70, ஆண்டுக்கு 840. மொத்தத்தில் 2.6 சதவீதம்தான். தூக்கம் கெட வேண்டிய எண் இல்லை இது. ஆனால் மூன்று ஆண்டு கழித்துக் கணவரும் வீட்டுக்கு வந்து, செலவு இதே 120-ல் நின்றால், எடுப்பது ஆண்டுக்கு 1,440. சேமிப்பு அப்படியே இருந்தால்கூட 4.4 சதவீதம். 55 வயதில் அது எனக்குப் பிடிக்காத எண். அதாவது, உங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. கூடுதலாகப் போகும் அந்த 20-ஐப் புரிந்துகொள்ள அது தாராளமாகப் போதும்.

எந்த எண் பிடிக்கும், எது பிடிக்காது என்று எதை வைத்துச் சொல்கிறேன்? ‘நாலு சதவீத விதி’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது அது. 1926 தொடங்கிக் கிடைத்த அந்நாட்டுச் சந்தை விவரங்களை எடுத்து, பாதிப் பணம் பங்குகளிலும் பாதி அரசுக் கடன் பத்திரங்களிலும் இருந்தால் 30 ஆண்டுக்குப் பணம் தீராமல் ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்தார். சேமிப்பில் நாலு சதவீதம் என்று வந்தது. இந்த விதியைச் சொல்பவர்களில் பலர் இரண்டு இடத்தில் தப்பு செய்கிறார்கள். ஒன்று, நாலு சதவீதம் என்பது முதல் ஆண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டிலிருந்து அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டு போவார்கள், மிச்சத்தில் நாலு சதவீதம் என்று கணக்கில்லை. இரண்டு, அது 30 ஆண்டுக்கான கணக்கு. உங்களுக்கு 40 ஆண்டு தேவைப்படலாம். அதுவும் ஒரே ஒரு நாட்டின் சரித்திரத்தை வைத்துப் போட்டது. முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களுக்கு நான் 3-லிருந்து 3.5 வரைதான் சொல்வது வழக்கம்.

பழமொழிக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். குன்று மாளுமா மாளாதா என்பது எவ்வளவு தின்கிறோம், குன்று எவ்வளவு வளர்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. வளராத குன்றாக இருந்தால் பழமொழி சொல்வது சரிதான். 72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டில் விலை இரட்டிக்கும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். ஆறு சதவீதம் என்றால் 12 ஆண்டு. உங்கள் 52-வது வயதில் 100 ஆக இருக்கும் செலவு 64-ல் 200, 76-ல் 400, 88-ல் 800. நாலு சதவீதம்தான் என்றாலும் 88-ல் 400. பயந்துபோய் எல்லாப் பணத்தையும் வங்கி வைப்பில் போட்டுவிட்டால் தூக்கம் வரும், ஆனால் எழுபது வயதுக்கு மேல் கையைக் கடிக்கும். பங்குகளில் பாதி இருப்பது தப்பில்லை.

சரி, அப்படியானால் சந்தை இறங்கினால் பயப்படவே வேண்டாமா? ஒரு விஷயத்துக்குப் பயப்படலாம். சம்பாதிக்கும் காலத்தில் சந்தை எப்போது விழுந்தது என்பது பெரிய விஷயமில்லை. எடுத்துச் செலவழிக்கும் காலத்தில் அதுதான் பெரிய விஷயம். இரண்டு பேர் ஆளுக்கு 1,000 வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டு ஆரம்பத்திலும் 50 எடுக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆளுக்கு மூன்று ஆண்டுகளில் 20 சதவீதம் இறக்கம், 10 ஏற்றம், 30 ஏற்றம். இரண்டாம் ஆளுக்கு அதே மூன்றும் தலைகீழாக. எதையும் எடுக்காமல் இருந்தால் இருவர் கையிலும் 1,144 இருக்கும், வித்தியாசமே இல்லை. எடுத்தால்? முதல் ஆளிடம் 950, இரண்டாம் ஆளிடம் 1,003. வித்தியாசம் ஓர் ஆண்டுச் சாப்பாடு. இருவரும் ஒரே சந்தையில்தான் இருந்தார்கள், வரிசை மட்டும்தான் மாறியது. பெங்கன் கணக்கிலும் மிக இறுக்கமாக வந்தது 1960-களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான்: ஆரம்பத்திலேயே சந்தை சரிந்தது, பின்னாலேயே 1970-களின் விலைவாசி வந்தது.

ஆகவே ஓய்வின் முதல் ஐந்து, பத்து ஆண்டுகளில் விழுந்த விலைக்குப் பங்குகளை விற்க வேண்டிய கட்டாயம் வரக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு இரண்டு ஆண்டுக்கு எடுக்க வேண்டியதைச் சந்தைக்கு வெளியே வையுங்கள். உங்கள் கணக்கில் மாதம் 70 வீதம் 1,680. மொத்தச் சேமிப்பில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்குதான். கணவர் வேலையை விடும்போது இதை 2,880 ஆக்கிக்கொள்ளுங்கள். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில் இதை நிரப்புங்கள். மோசமான ஆண்டில் இதிலிருந்து மட்டும் எடுங்கள்.

அந்தப் பணத்திலிருந்து உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். 1-ம் தேதி ஒரு குறிப்பிட்ட தொகை செலவுக் கணக்குக்குத் தானாக வந்து விழ வேண்டும். சம்பளம் இருந்தவரை அது உங்களுக்குப் பணத்தோடு ஓர் எல்லையையும் கொடுத்தது: இருபதாம் தேதி கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கை தானாகச் சுருங்கும். இப்போது பின்னால் 32,400 தெரிகிறது. ஒவ்வொரு செலவும் அதற்கு முன்னால் சின்னதாகத் தெரியும், அதே சமயம் ஒவ்வொரு செலவும் அதைத் தொட்டுவிட்டதாகக் குற்றவுணர்ச்சியும் வரும். கூடுதலாகச் செலவழித்துக்கொண்டே பயப்படவும் செய்வது இதனால்தான்.

இனி அந்த 20. இதில் மூன்று வகை கலந்திருக்கும் என்பது என் ஊகம். வேலையில் இருந்தபோது தள்ளிப்போட்ட பல் வைத்தியம், கூரை ஒழுக்கு மாதிரியானவை ஒரு வகை. அவை தீர்ந்துவிடும், கவலையில்லை. எப்போதாவது வருவதால் திட்டத்தில் விட்டுப்போனவை இரண்டாவது வகை. இவைதான் ஏமாற்றும். வாஷிங் மெஷின் பத்து ஆண்டு ஓடும் என்றால் அதன் விலையை 120 மாதத்தால் வகுங்கள். அது உங்கள் மாதச் செலவு, இன்றைக்கு மெஷின் நன்றாக ஓடினாலும். இப்படி வண்டி, கணினி, வெள்ளையடிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் வரி எல்லாவற்றையும் மாதக் கணக்காக்கித் தனியே ஒரு கணக்கில் போடுங்கள். ‘இந்த மாதம் மட்டும் எதிர்பாராத செலவு’ என்று எந்த வீட்டிலும் மாதா மாதம் சொல்வார்கள்!

மூன்றாவது வகை, நேரத்தை நிரப்ப ஆகும் செலவு. என்னிடம் வந்த ஒருவரிடம் செலவு நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் மணியையும் எழுதச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். 2.40, 3.15, 2.50, 3.30 என்று ஒரே பகுதியில் மணிகள் வரிசையாக நின்றன: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒரு கருவியின் இன்னொரு மாடல், படிக்காத ஒரு வகுப்புக்குக் கட்டணம், ‘சும்மா ஒரு சுற்று’ போய்வந்த டாக்சி. அலுவலகத்தில் அந்த நேரத்தில்தான் அவருக்குத் தினமும் கூட்டம் நடக்குமாம். மத்தியானத்துக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்ததில் பட்ஜெட் போட்டதைவிட அதிகமாக மிச்சமானது. நீங்களும் எழுதிப் பாருங்கள்.

பகல் வெறுமையாக இருப்பதை உங்கள் குறையாக நினைக்க வேண்டாம். 1967-ல் ஹோம்ஸ், ரேஹே என்ற இரு அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் வாழ்க்கையை உலுக்கும் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தினார்கள். அதில் ஓய்வு பெறுவது பத்தாவது இடத்தில் இருக்கிறது. பொழுதுபோக்குப் பட்டியல் ஒன்று போடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியலில் இருப்பதை இன்று செய்யாவிட்டால் நாளைக்குச் செய்யலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று ஒருவராவது கேட்கும் இடம் வாரத்துக்கு இரண்டு வேண்டும். ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாக இருக்கலாம், ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குவதாக இருக்கலாம். மணியும் கிழமையும் நிச்சயமாக இருந்தால் போதும்.

போனில் கணக்கைப் பார்ப்பதற்கும் ஒரு கிழமை வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று. அமெரிக்கச் சந்தையின் நீண்ட சரித்திரத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் இறக்கம்தான்; ஆண்டாக எடுத்தால் இறக்கம் நாலில் ஒன்று அளவுக்குத்தான் வருகிறது. தினமும் நாலு தடவை பார்ப்பவர் கெட்ட செய்தியைத் தேடிப் போய் வாங்கிக்கொள்கிறார். அந்தச் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், கணினியில் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போயிருந்தால், கணவரின் பாலிசியில் இருக்கிறீர்களா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தாலும் சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் போனால் வயதுக்கேற்ப பிரீமியம் ஏறியிருக்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் அப்போதுதான் தொடங்கும். இன்னொன்று கைமாற்று. மொத்தமாகப் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் கேட்பவர்கள் வருவார்கள். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள், அதற்கு ஆண்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள். ‘பணம் எல்லாம் மாதச் சம்பளமாக வருகிற மாதிரி கட்டிவைத்திருக்கிறேன்’ என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.

அப்புறம், வேலை. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 20 குறையவே இல்லை என்றால் முழுநேர வேலை தேட வேண்டியதில்லை. மாதம் 30 வருகிற மாதிரி ஏதாவது ஒன்று கிடைத்தால், கணவர் ஓய்வுக்குப் பிறகும் நீங்கள் எடுப்பது ஆண்டுக்கு 1,080, அதாவது 3.3 சதவீதம். 4.4 எங்கே, 3.3 எங்கே! பழைய துறையில் ஆட்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டில் அது ஆறிப்போய்விடும்.

கணவரோடு பேச வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ‘நீ வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று பார்சல் வாங்குவது, குழாய் ரிப்பேர்காரருக்குக் காத்திருப்பது, வங்கிக்கு அலைவது எல்லாம் உங்கள் தலையில் ஏறியிருக்கும். பகல் எங்கே போகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பங்கு போட்டுக்கொள்வதோடு, அவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு யார் எந்த அறையில் இருப்பீர்கள் என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் எழுதும் மேசை ஒன்றுதான் இருக்கும்.