கேக், ஸ்டார், குடில் தாண்டி கிறிஸ்தவர்களுக்கு கிறிஸ்துமஸில் என்ன இருக்கிறது? டிசம்பர் 25 பைபிளிலேயே இல்லையாமே?

தேதி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று பைபிளில் இல்லை, உண்மைதான். 4-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் டிசம்பர் 25 வழக்கத்தில் இருந்ததற்குப் பதிவு உண்டு. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் கொண்டாடுகிறது. எங்கள் விசுவாசம் தேதியை நம்பி நிற்கவில்லை. கேக்கும் கீத பவனியும் எனக்கும் பிடிக்கும், அவற்றில் தவறு ஒன்றும் இல்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? எனக்கு அதன் சாரம், பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களில் ஒன்றான மத்தேயுவின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தனக்கு நிச்சயிக்கப்பட்ட மரியாள் கர்ப்பமாயிருப்பதை அறிந்து, அவளை ரகசியமாக விலக்கிவிட நினைத்த யோசேப்புக்குக் கனவில் தூதன் தோன்றி, பிறக்கப்போகிறவர் தமது ஜனங்களுடைய பாவங்களிலிருந்து அவர்களை இரட்சிப்பார் என்கிறான். 21-ஆம் வசனம்.

‘தமது ஜனங்கள்’ யார்? அதற்கு மேலேயே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது: ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை வம்சவரலாறு. பெற்றான், பெற்றான் என்று போவதால் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். நான் அதில்தான் நிற்பேன். ஆண்களின் பெயர்களாக வரும் அந்த வரிசையில், மரியாளுக்கு முன்பாக மத்தேயு நான்கு பெண்களைச் சேர்க்கிறார். மாமனாரான யூதாவுக்கே பிள்ளை பெற்ற தாமார். எரிகோ நகரத்தில் வேசியாக இருந்த ராகாப். மோவாப் என்ற அந்நிய நாட்டுப் பெண்ணான ரூத்; மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று பைபிளின் உபாகம நூலில் சட்டமே இருந்தது. நான்காமவளான பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல், ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’ என்று எழுதுகிறார். தாவீது ராஜா அவளோடு விபசாரம் செய்து, அதை மறைக்க அவள் கணவனும் தன் படைவீரனுமான உரியாவைப் போர்முனையில் சாகவைத்த கதை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. இயேசுவைத் தாவீதின் குமாரன் என்று பெருமையாக ஆரம்பித்த மத்தேயு தாவீதின் குற்றத்தையும் மூடிவைக்கவில்லை. இன்னும் கீழே வந்தால் மனாசே ராஜா: எருசலேமைக் குற்றமில்லாதவர்களின் இரத்தத்தால் நிரப்பியவன், சொந்த மகனையே தீக்கடக்கப் பண்ணினவன், அதாவது நெருப்பில் பலியிட்டவன்.

நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது குடும்பத்தில் இப்படி ஒரு ஆள் இருந்தால் மூச்சுகூட விடமாட்டோம். மத்தேயு இவர்களை முதல் பக்கத்திலேயே வைக்கிறார். தேவன் வந்து பிறந்த வீடு இதுதான். திருந்திய பிறகு வாருங்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. பாவம் செய்தவர்களும், பாவத்தால் நசுக்கப்பட்டவர்களும், வெளியே நில் என்று சொல்லப்பட்டவர்களும் இருந்த வம்சத்துக்குள்ளேயே மனிதனாக வந்தார். நற்செய்தி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எனக்கு இது கோட்பாடு மட்டும் அல்ல. இந்தப் பட்டியலில் இடம் இருந்தால் எனக்கும் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நான் ஜெபிக்கவே உட்காருகிறேன்.

ஆனால் தொழுவத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். பாவங்களிலிருந்து இரட்சிப்பார் என்ற வாக்கு எப்படி நிறைவேறியது என்று அதே மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். சிலுவைக்கு முந்தின இரவு இயேசு திராட்சரசப் பாத்திரத்தை எடுத்து, பாவமன்னிப்புக்காக அநேகருக்காகச் சிந்தப்படும் தம் இரத்தம் இது என்கிறார். அப்புறம் கெத்செமனே தோட்டத்தில் கைது, கொல்கொதா என்ற இடத்தில் சிலுவை, மூன்றாம் நாள் காலியான கல்லறை. சிலுவையைப் பற்றிப் பேசாத கிறிஸ்துமஸ் பிரசங்கம் எனக்குக் குறையாகவே படுகிறது. பிள்ளை பிறந்ததைச் சொல்லிவிட்டு எதற்குப் பிறந்தார் என்பதை விட்டுவிடக் கூடாது.

நீங்கள் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் மத்தேயுவை முதல் வசனத்திலிருந்து, அந்தப் பெயர்களைத் தாண்டாமல், ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மொத்தம் 28 அதிகாரம்தான். எங்காவது புரியாவிட்டால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.