காலி-பீலி டாக்சியின் கறுப்பு எந்தக் கறுப்பு? மாடல் வண்டிகள்: கேள்வி பதில்

பழைய கார்களையும் லாரிகளையும் பிளாஸ்டிக் கிட்டுகளிலிருந்து கட்டுவது பற்றியும், யாரோ கட்டிப் பாழாக்கியவற்றை மீட்பது பற்றியும் வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மும்பை சயானில் ஒரு பால்கனி மூலையில் முப்பது ஆண்டுகளாக 1/24, 1/25 (நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு, 25-இல் ஒரு பங்கு) ஆகிய இரண்டு அளவுகளில் மட்டுமே வேலை செய்து வருபவன் நான் என்பதால், ரயிலும் விமானமும் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

டோம்பிவிலி வாசகர்: 1/24 வண்டியையும் 1/25 வண்டியையும் ஒரே அலமாரியில் வைத்தால் வித்தியாசம் தெரியுமா?

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் வந்தது 1/24. அமெரிக்கக் கார் கிட்டுகளில் வேரூன்றியது 1/25. இரண்டுக்கும் இடையே நூற்றுக்கு நான்குதான் வேறுபாடு என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பாசடரின் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2464 மி.மீ.; பிரீமியர் பத்மினிக் காருக்கு 2340 மி.மீ. அம்பாசடரை 1/25-இல் கட்டினால் அந்தத் தூரம் 98.6 மி.மீ. ஆகும், பத்மினியை 1/24-இல் கட்டினால் 97.5 மி.மீ. ஆகும். தெருவில் நீளத்திலும் சாய்விலும் வேறுபட்டு நின்ற இரண்டு வண்டிகள் உங்கள் அலமாரியில் ஒட்டிப் பிறந்தவையாகிவிடும். வெவ்வேறு தட்டுகளில் வையுங்கள்.

தாணே வாசகர்: சோர் பஜாரில், மட்டன் தெருக் கடையொன்றில், கட்டி முடித்த பீட்டர்பில்ட் 359 லாரி கிடைத்தது. பசை வழிந்திருக்கிறது, பிரஷ்ஷால் தடித்த சிவப்புப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள், ஒரு பக்கக் கண்ணாடி இல்லை, சக்கரங்கள் டயரோடு சேர்ந்து உருகினாற்போல் இருக்கின்றன. மீட்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான். முதலில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்து வையுங்கள். பிரித்த பிறகு எந்தக் குழாய் எங்கே போனது என்பது யாருக்கும் நினைவிருக்காது. அடுத்து, லாரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். சிறுவர்கள் டியூப் பசையை அள்ளிப் பூசியிருந்தால், அது பெரும்பாலும் மேலே மட்டுமே பற்றியிருக்கும். குளிரில் அது நொறுங்குவதால் மெல்லிய பிளேடை நுழைத்ததுமே பாகங்கள் பிரியும். நல்ல பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது என்பதால், சரியாக ஒட்டிய இடம் பிரியவே பிரியாது. அங்கே பலம் காட்டாமல் மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடுங்கள்.

பெயிண்டை உரிக்க, அக்ரிலிக்காக இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். எனாமலாக இருந்தால் பிரேக் ஆயிலில் ஊறவைத்து, கையுறை அணிந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசுங்கள். எதையும் முழு வண்டியில் ஊற்றும் முன், கிட்டின் பாகங்கள் பிணைந்து வரும் சட்டமாகிய ஸ்ப்ரூவின் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். கட்டிய வண்டியில் ஸ்ப்ரூ இருக்காது என்பதால் சேசிஸின் அடிப்பக்கத்தில் சோதியுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. இதே லாரியின் கேபினை ஒருமுறை பெயிண்ட் கடைத் தின்னரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கும்போது அது பாகு பதம் தாண்டிய வெல்லமாகக் கிண்ணத்தின் அடியில் கிடந்தது.

குரோம் பூச்சு என்பது மெல்லிய அலுமினியப் படலம்தான். வீட்டு பிளீச்சில் போட்டால் சில நிமிடங்களில் போய்விடும். சக்கரம் உருகியது வெயிலால் அன்று. பழைய வினைல் டயர்களை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, தின்றுவிடுகிறது. ரிம்மை அரத்தால் சீர்செய்து, மீண்டும் டயரை மாட்டும் முன் இடையில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். காணாமல் போன கண்ணாடிக்குத் தகடும், ஸ்ப்ரூவை மெழுகுவத்தியின் மேலே காட்டி இழுத்த கம்பியும் போதும்.

மலாட் வாசகர்: பழைய பெயிண்டைத் தின்னரால் உரிக்கலாமா?

கூடாது. மேலே வெல்லம் பற்றி எழுதியதைப் படியுங்கள்.

செம்பூர் வாசகி: ஜன்னல் கண்ணாடிகளை ஃபெவிக்விக்கால் ஒட்டினேன், பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டன. ஏன்?

அந்த வகைப் பசையின் ஆவி கண்ணாடிமேல் படிந்து வெண்படலமாகிவிடும். தெளிவான பாகங்களுக்குச் சாதாரண ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

மாட்டுங்கா வாசகர்: என் வீட்டில் நிற்கும் நிஜப் பத்மினியின் கார்புரேட்டர் பெட்ரோல் கசிகிறது.

ஐயா, அதற்கு நல்ல மெக்கானிக்கைப் பாருங்கள். என் கார்புரேட்டர்கள் அரிசி அளவுதான் இருக்கும்.

குர்லா வாசகர்: அப்பா பத்மினி டாக்சி ஓட்டியவர். வண்டிக்கு அடித்த டியூகோ கறுப்பும் மஞ்சளும் டின்னில் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. மாடலுக்கும் அதையே அடித்தால் நிஜ நிறம் வந்துவிடுமல்லவா?

2023 அக்டோபரோடு பத்மினி டாக்சிகள் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றதிலிருந்து காலி-பீலி எனப்படும் அந்தக் கறுப்பு-மஞ்சள் டாக்சியின் மாடலைக் கட்டாதவர் குறைவு. உங்கள் கேள்வியும் நியாயமானது. ஆனால் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, நிஜ வண்டிக்கான பெயிண்டின் தின்னர் கடுமையானது. ப்ரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கை அது அரித்துவிடும். இரண்டாவது, டின்னிலுள்ள சுத்தக் கறுப்பு சிறிய வண்டியில் பாலிஷ் போட்ட ஷூபோலத் தெரியும். எனவே கறுப்பில் துளி வெள்ளையும் துளி நீலமும் கலந்து சற்றுத் தணிக்க வேண்டும் என்பது என் வழக்கம். தூரத்தில் நிற்கும் பொருளின் நிறத்தைக் காற்று வெளுப்பாக்குகிறது என்பார்கள்.

அவரே மீண்டும்: அரை மீட்டர் தூரத்தில் பார்க்கும் 1/24 மாடல் என்பது நிஜ வண்டியை 12 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். 12 மீட்டரில் காற்று என்ன வெளுக்கும்? மாஹிமில் சாலைக்கு எதிர்ப்புறம் நின்ற டாக்சி எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது.

கணக்கு சரிதான். காற்றின் காரணம் இங்கே நிற்காது என்று ஒப்புக்கொள்கிறேன். நானே பல ஆண்டுகளாக யோசிக்காமல் சொல்லிவந்த காரணம் அது.

முலுண்ட் வாசகர்: காற்று அல்ல, வெளிச்சம்தான். நிஜ வண்டியின் பானெட் வானம் முழுவதையும் பிரதிபலிக்கிறது. அறையிலுள்ள மாடல் ஒரு டியூப்லைட்டை மட்டுமே பிரதிபலிக்கிறது.

இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் கறுப்பு வண்டியின் மேற்பரப்பில் பாதி வானமாகவே இருக்கும். பக்கக் கதவுகளில் எதிர்க் கடையும் தார்ச் சாலையும் தெரியும். வீட்டுக்குள் அந்த வானம் இல்லாததால் ஆழ்ந்த கறுப்பும் ஒற்றை வெள்ளைக் கோடும் மட்டுமே எஞ்சுகின்றன. நான் கலக்கும் துளி நீலம் காற்றின் ஈடு அன்று, இல்லாமல் போன வானத்தின் ஈடு. நம்பாவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில், ஒன்றில் சுத்தக் கறுப்பும் மற்றொன்றில் தணித்த கறுப்பும் அடித்து, டியூப்லைட்டின் கீழேயும் பால்கனியிலும் வைத்துப் பாருங்கள். பால்கனியில் சுத்தக் கறுப்புதான் வெல்லும்.

குர்லா வாசகர்: அப்பா பார்த்துவிட்டு, “இது என் வண்டிக் கறுப்பு இல்லையே” என்றால் என்ன செய்வது?

அப்படியானால் வாதம் முடிந்தது. டின்னில் இருப்பதையே அடியுங்கள். வெள்ளை ப்ரைமர் போட்டு முதலில் கூரைக்கு மஞ்சள் அடியுங்கள், ஏனெனில் கறுப்பின் மேலே மஞ்சள் மூடாது. மஞ்சள் நன்கு காய்ந்தபின் கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப்பின் விளிம்பில் மீண்டும் மெல்லிய மஞ்சள் பூச்சு அடித்து இடுக்கை அடைத்துவிட்டுப் பிறகு கறுப்பு அடித்தால் கோடு கசியாது. இடப்பக்கம் வெளியே இருந்த பழைய மீட்டரை மறந்துவிடாதீர்கள். ஸ்ப்ரூத் துண்டில் சோதிக்காமல் ஒரு துளிகூட அடிக்காதீர்கள்.

தாராவி வாசகர்: ஜூலையில் ஸ்ப்ரே செய்த கறுப்பு, சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டது.

தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மழைக்கால ஈரம் அதன்மேல் படிந்துவிட்டது. உலர்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கலந்து மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை நின்று வெயில் வரும்வரை பெயிண்டைத் தொடாமல் சேசிஸ் வேலையைப் பாருங்கள்.

வாஷி வாசகர்: தாத்தா வைத்திருந்த இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற உலோகப் பொம்மைக் கார் வீங்கி விரிசல் விடுகிறது.

அதன் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டிருக்கிறது. உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. மருந்து இல்லை. உலர்ந்த இடத்தில் வைத்து, கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவி மும்பை வாசகர்: டாட்டா லாரியை முழுவதும் கையாலேயே கட்ட வேண்டும். எங்கே தொடங்குவது?

டயரிலிருந்து தொடங்குங்கள். 9.00-20 என்ற அளவுள்ள லாரி டயரின் வெளிவிட்டம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். 1/24-இல் அது ஏறக்குறைய 42 மி.மீ. அந்த அளவில் டயர் கிடைத்தால்தான் மற்றவை அமையும். நம் ஊரில் லாரிகள் வெறும் சேசிஸாக வாங்கப்பட்டு, மரப்பெட்டி தனியே பட்டறைகளில் கட்டப்பட்டதால், இரண்டு லாரிகள் ஒன்றுபோல் இருக்காது. வடாலா லாரி முனையத்துக்கு ஒரு டேப்போடு போய், ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு லாரியை முழுவதுமாக அளந்து வாருங்கள். பெட்டிக்கு ஐஸ்குச்சி போதும்.

காந்திவிலி வாசகர்: சார், பெயிண்டை உரிக்கத் தின்னர்…

வெல்லம், தம்பி, வெல்லம்.