ஓர் அங்குலம் எங்கே போயிற்று?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். ஏழாம் மாதத்தில் இருக்கும் என் மகளுக்கு இன்னும் 12 நாட்களில் வளைகாப்பு. என் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு குயில்ட் (உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி விரிப்பு) தைத்து, அதைச் சபையில் வைத்துக் கொடுப்பதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன். ஐந்தரை அங்குலச் சதுரங்கள், வரிசைக்கு 9 வீதம் 10 வரிசைகள். பகலில் தைத்த ஆறு வரிசைகளும் 45½ அங்குலம் இருக்கின்றன. இரவில் அவசரமாகத் தைத்த நான்கும் 44½ அங்குலம்தான் வருகின்றன. ஒரு சதுரத்தில் மாங்காய் தலைகீழாக நிற்கிறது. போதாக்குறைக்கு, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டதில் சிவப்புச் சுங்குடியின் சாயம் பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துவிடட்டுமா?
வாசகி, மேற்கு மாம்பலம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பிரிக்க வேண்டாம். முதலில் அந்த ஓர் அங்குலம் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்ப்போம். கணக்கு உங்களுக்குப் புதிதல்ல.

ஒன்பது சதுரங்களை இணைக்க எட்டுத் தையல்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு துணிகளின் ஓரத்தையும் விழுங்குகிறது. கால் அங்குலம் விடவேண்டிய இடத்தில், கண் அசந்து, பக்கத்துக்கு அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக உள்ளே தைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தால் தையலுக்கு ஒரு நூல். எட்டுத் தையலுக்கு எட்டு நூல், அதாவது சரியாக ஓர் அங்குலம். ஆக, இது நான்கு வரிசைகளில் நடந்த முப்பத்திரண்டு தவறுகள் அல்ல. விளக்கு வெளிச்சத்தில் ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் எந்த ஓரத்தைப் பார்த்துத் துணியை விடுவது என்பது மாறிப்போன ஒரே தவறு. மேலும் இது கெட்டதில் நல்ல தவறு. ஓரம் குறைவாக விட்டுத் தைத்திருந்தால், பழஞ்சேலையின் நைந்த இழை இரண்டாவது துவையலிலேயே பிரிந்திருக்கும். கூடுதலாக விட்டதால் தையல் உறுதியாகவே இருக்கிறது.

திருத்துவதற்கும் பழைய தையலை முதலில் பிரிக்கக் கூடாது. துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் புதிய தையலை முதலில் போட்டுவிட்டு, அதற்கு உள்ளே இருக்கும் பழைய தையலைப் பிறகு பிரித்து எடுங்கள். துணி நகராது, மறுபடி குண்டூசி குத்தும் வேலையும் மிச்சம். எட்டையும் இப்படிச் செய்யவேண்டியதில்லை. வரிசைக்கு நான்கு தையல்களைத் திருத்தினால் அரை அங்குலம் திரும்பக் கிடைக்கும். மீதி அரை அங்குலத்தை, வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது நீளமான வரிசையைக் கீழே வைத்துத் தைத்தால், மெஷினின் பற்களே துணியை இழுத்துச் சமப்படுத்திவிடும். இனி நடக்காமலிருக்க, ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு பழைய ஏடிஎம் அட்டையை மெஷின் தட்டின்மேல் டேப் போட்டு ஒட்டி, துணியின் விளிம்பை அதில் உரசவிட்டுத் தையுங்கள்.

தலைகீழ் மாங்காயை அப்படியே விடுங்கள். திருஷ்டிப் பொட்டு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம்கூடத் தேவையாகத் தோன்றவில்லை. தரையில் விரிக்கும் துணிக்குத் தலைமாடு எது, கால்மாடு எது?

சாயம்தான் உண்மையான பிரச்சினை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் கட்டம்போட்ட துணி 1950களின் இறுதியில் அமெரிக்காவில் சாயம் போய்ப் புகார் கிளம்பியபோது, அந்தச் சாயம் இறங்குவதையே சிறப்பாக விளம்பரப்படுத்தி விற்றார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தையிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. சிவப்பு உள்ள வரிசைகளை இப்போதே, உள்ளே பஞ்சு வைப்பதற்கு முன்பே, தனித்தனியாக நிறையத் தண்ணீரில் சோப்புக் கரைத்து ஊறவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கறை முழுதும் போகும்வரை காயவிடவோ இஸ்திரி போடவோ கூடாது. சூடு கறையை இன்னும் ஆழமாக இறக்கிவிடும். கல்லுப்பை நம்ப வேண்டாம். ஏற்கெனவே சாயமேறிய துணியில் ஒட்டாமல் மிஞ்சி நிற்பதை உப்பு பிடித்துவைக்காது. அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. எவ்வளவு அலசியும் சிவப்பு இறங்குவது நிற்கவில்லையென்றால் அந்தச் சதுரங்களை மட்டும் மாற்றிவிடுங்கள்.

உள்ளே வைக்கப் பஞ்சு வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்காவிட்டால் வாங்க வேண்டாம். வங்காளத்துக் காந்தாவைப் போல இரண்டு மூன்று பழஞ்சேலை அடுக்குகளை வைத்து ஓட்டுத்தையல் போட்டால், சென்னை வெக்கைக்கு அதுவே போதும். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றிலும் சீக்கிரம் உலரும்.

இனி அந்த 12 நாட்களைப் பற்றி. வளைகாப்பு முடிந்ததும் உங்கள் மகள் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்குத்தானே வரப்போகிறார்? சபையில் நீங்கள் கொடுக்கும் துணி அன்று மாலையே அவருடன் மேற்கு மாம்பலத்துக்குத் திரும்பிவிடும். குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கிறது. பிறந்த பிறகும், ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் அருகில் கனமான போர்வையோ மெத்தென்ற விரிப்போ வைக்க வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, குப்புற விழுந்து விளையாடத்தான் இது பயன்படும். அதற்கு எப்படியும் ஐந்தாறு மாதங்கள் இருக்கின்றன. வளைகாப்புக்கு மேல்துணியை மட்டும் இணைத்து முடித்து, இஸ்திரி போட்டு, மடித்துத் தாம்பாளத்தில் வையுங்கள். சம்பந்தியம்மா கேட்டால், உள்ளடுக்கு இனிமேல்தான் என்று சொல்லுங்கள். ஓட்டுத்தையல் தெரிந்தவராக இருந்தால் ஒரு மூலையை அவரிடமே கொடுத்துவிடலாம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் மெஷினைத் திறக்காதீர்கள். என் தம்பி கல்யாணத்துக்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்கு ரவிக்கையின் இரண்டு கைகளையும் இடம் மாற்றித் தைத்து, முகூர்த்தம் முழுவதும் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றவள் நான்.

கடைசியாக ஒன்று: குண்டூசிகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, எண்ணிக்கையை மூடியில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாளும் அந்த எண்ணிக்கை சரியாக வந்த பிறகே துணியை மடியுங்கள். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை அடுத்த தையல் வேண்டாம்.