பேரனைப் பல்கலைக்கழக மையத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மேடிசன் நகரில் வசிக்கிறாள். பேரனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. அங்குள்ள மருத்துவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வைஸ்மன் மையத்துக்கு அழைத்துப் போகச் சொல்கிறார். மருத்துவமனை இருக்கப் பல்கலைக்கழகம் எதற்கு? பிள்ளையை ஆராய்ச்சிப் பொருளாக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தயங்காமல் போகச் சொல்லுங்கள். பேச்சு தாமதமாவதற்குக் காரணம் கேட்கும் திறனில் இருக்கிறதா, ஆட்டிசமா, வேறு வளர்ச்சிக் குறைபாடா என்பதை ஒரு துறையினர் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. குழந்தைநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் கலந்து பேசி முடிவுக்கு வரவும், அந்தப் பழக்கத்தை இளையவர்களுக்குப் பயிற்றுவிக்கவும் ஏற்ற இடம் பல்கலைக்கழகம்தான் என்ற எண்ணத்தில்தான், 1963 அக்டோபரில் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் இத்தகைய மையங்களுக்கு வழிசெய்தது. அவருடைய தங்கை ரோஸ்மேரியும் அறிவுசார் குறைபாட்டோடு வாழ்ந்தவர். இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மையமேனும் உண்டு.

மேடிசன் மையம் 1973இல் திறக்கப்பட்டது. அதற்குப் பெயர் தந்த ஹாரி வைஸ்மன், பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோயை ஆராய்ந்த குழந்தைநல மருத்துவர். புரதத்திலுள்ள ஒரு பொருளை உடலால் சிதைக்க முடியாததால் மூளையைப் பாதிக்கும் நோய் அது. பிறந்த சில நாள்களிலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து உணவை மாற்றினால், அந்தப் பாதிப்பைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் அறிந்தது தாயின் சமையலறை வரை வந்து சேர்ந்தால்தான் குழந்தை பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். சிகிச்சைக்கு வருவது வேறு, ஆய்வில் சேர்வது வேறு. ஆய்வுக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும், குழந்தைக்கு உரிய சேவை நின்றுவிடக் கூடாது என்பது அந்நாட்டு விதி. மேலும், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மையங்களின் ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர் குறைபாடு உள்ளவர்களாகவும் அவர்களுடைய குடும்பத்தினராகவும் இருக்க வேண்டும். பிள்ளையை வளர்த்தவரின் அனுபவமும் ஒரு கல்விதான் என்று கருதி, பெற்றோரையே பயிற்சியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டமும் இங்கே உண்டு. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான ஏற்பாடு இதுவே.

இத்தகைய மையங்களில் முறை வருவதற்குப் பல மாதங்கள் ஆகக்கூடும். மூன்று வயது நிறைந்த குழந்தையை இலவசமாக மதிப்பிடும் பொறுப்பு அப்பகுதிப் பள்ளி நிர்வாகத்துக்கு உண்டு. அதற்கான கோரிக்கையை இந்த வாரமே எழுத்து மூலம் கொடுத்துவிடும்படி மகளிடம் சொல்லுங்கள்.