அப்பாச்சி சோலரில் ரோல்பேக் குடுத்த பிறகும் பிழையான பதிவுகள் திரும்ப வருதே, ஏன்?

(வெயில் சோலர் இல்லை, பதிவுகளை ஏத்தித் தேடுற மென்பொருள். வன்னியில அந்தப் பெயரைச் சொன்னா எல்லாரும் கூரையைத்தான் பாக்கினம்.)

குளங்களின்ர பட்டியல் ஒண்டை ஏத்தியிருக்கிறீங்கள். அதில ஒரு கோப்பு பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சது, யூனிகோடுக்கு மாத்தாமலே போட்டுது. தேடிப் பாத்தா அந்தப் பதிவுகள் தெரியேல்லை. இன்னும் கொமிட் ஆகேல்லை, அதாவது நிரந்தரமா எழுதேல்லை எண்டு நம்பி ரோல்பேக் (கொமிட் ஆகாததைக் கைவிடுற கட்டளை) குடுத்தீங்கள். பிறகு திருத்தின கோப்பை ஏத்தி கொமிட் பண்ண, குப்பையும் சேர்ந்து வந்திட்டுது.

ரோல்பேக்கில பிழையில்லை. ஒட்டோகொமிட், அதாவது சோலர் தானாப் பண்ணுற கொமிட், உங்களுக்கு முந்தியே ஓடிட்டுது.

சோலரோட வாற கொன்பிக் கோப்பில ஒட்டோகொமிட்டின்ர மக்ஸ்டைம் (காத்திருக்கிற நேரம்) 15000 மில்லிசெக்கன், ஓப்பன்சேர்ச்சர் (புதுப் பதிவுகளைத் தேடலுக்குத் திறக்கிறது) ஃபோல்ஸ். கொமிட் ஆகாத முதல் பதிவு வந்த நேரத்தில இருந்து 15 செக்கன் எண்ணும், பிறகு வட்டில எழுதிப்போடும். ஆனா தேடுற பக்கத்தைப் புதுப்பிக்காது. அதாலதான் உங்களுக்குத் தெரியேல்லை. ஏத்த 40 செக்கன் எடுத்தது எண்டு வையுங்கோ: 15இல ஒரு கொமிட், 30 மட்டில இன்னொண்டு. 40இல நீங்கள் குடுத்த ரோல்பேக் கடைசிப் பத்துச் செக்கனைத்தான் அழிச்சிருக்கும். மிச்சம் உள்ளுக்குள்ள இருந்து, நீங்களாக் கொமிட் குடுத்து புது சேர்ச்சர் திறக்க, வெளியில வந்தது. இரணைமடுவில கதவு திறந்து வாய்க்காலில போன தண்ணி, கதவைப் பூட்டினாத் திரும்புமோ?

பாக்க வேணுமெண்டா டேட்டாவுக்குள்ள இண்டெக்ஸ் கோப்புறையில செக்மென்ட்ஸ் எண்டு தொடங்கிற கோப்பின்ர பெயரில கடைசியா வாற எண்ணை (எழுத்தும் கலந்திருக்கலாம்) ஏத்த முதலும் பிறகும் பாருங்கோ. மாறியிருந்தா கொமிட் ஆகிட்டுது.

‘டேட்டாபேஸில இப்பிடி நடக்காதே’ எண்டு ஆராவது கீழ வந்து எழுதுவினம். சரிதான், ஆனா இது டேட்டாபேஸ் இல்லை. ஆளுக்கொரு ட்ரான்சாக்‌ஷன் இங்க கிடையாது, ஒரு கோருக்கு (ஒரு இண்டெக்ஸும் அதின்ர கொன்பிக்கும் சேர்ந்தது) எழுதுற கை ஒண்டுதான். பக்கத்து மேசையில இருக்கிறவர் கொமிட் குடுத்தா உங்கட அரைகுறையும் நிலைக்கும். நீங்கள் ரோல்பேக் குடுத்தா அவரின்ர வேலையும் போகும். சோலர்கிளவுட் (பல சேர்வரில சேர்ந்து ஓடுற சோலர்) எண்டா ரோல்பேக்கே இல்லை.

மக்ஸ்டைமை -1 ஆக்கி நிப்பாட்டலாம். ஆனா மக்ஸ்டொக்ஸ் (இத்தனை பதிவு சேர்ந்தாக் கொமிட் எண்ட அளவு) இருக்கோ, ஏத்துற நிரல் தானே கொமிட் அனுப்புதோ எண்டும் பாக்க வேணும். கொமிட் இல்லாட்டி ட்ரான்சாக்‌ஷன் லொக் (வந்த பதிவுகளைக் குறிச்சுவைக்கிற கோப்பு) பெருத்துக்கொண்டே போகும். நடுவில கரண்ட் நிண்டா, திரும்ப ஓடேக்க அந்த லொக்கை முதலில இருந்து வாசிச்சு ஏத்தும், குப்பையையும் சேர்த்து. ஒழுங்கா நிப்பாட்டினாலும் மூடேக்க கொமிட் பண்ணிப்போட்டுத்தான் மூடும். அதால நான் இந்த வழியைச் சொல்லமாட்டன்.

அதே கொன்பிக்கோட இரண்டாவது கோர் ஒண்டு வையுங்கோ. எல்லாத்தையும் அதில ஏத்தி, கொமிட் பண்ணி, எண்ணிக்கையைப் பாத்து, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எண்டு நாலு பெயரைத் தேடிப் பாத்து, சரியெண்டா கோர் அட்மினில ஸ்வொப், அதாவது இரண்டு கோரின்ர பெயரையும் இடம் மாத்துறது. பிழைச்சா இன்னொருக்கா ஸ்வொப். வட்டில இரண்டு மடங்கு இடம் வேணும், அவ்வளவுதான்.

இப்ப இருக்கிற குப்பைக்கு: ஏத்தின தொகுதி எண் ஒரு புலத்தில இருந்தா அதை வைச்சு அழிச்சுக் கொமிட் பண்ணுங்கோ. ஆனா ஒரே ஐடியில மேல எழுதப்பட்ட பழைய பதிவு வராது, அதை மூலக் கோப்பில இருந்து திரும்ப ஏத்த வேணும்.

இண்டைக்கும் பாமினியில அடிச்சுத் தாற அலுவலகங்களை என்ன சொல்ல? ஒரே கட்டத்துக்குள்ள ஆங்கிலமும் இருந்தா, மாத்தேக்க அந்த ஆங்கிலமும் தமிழ் எழுத்தாச் சிதறும். பெயர்ப் புலத்தில ஒரு யூனிகோடுத் தமிழ் எழுத்தும் இல்லாத பதிவை ஏத்துற நிரலே தள்ளிவிடட்டும்.

ஒண்டு மறந்திட்டன். ஸ்வொப் பண்ணினா கோரின்ர பெயர்தான் மாறும், கோப்புறைப் பெயர் மாறாது. ‘பழசு’ எண்டு நினைச்சு வட்டில எதையும் அழிக்க முதல், எந்தக் கோர் எந்தக் கோப்புறையில ஓடுது எண்டு அட்மின் பக்கத்தில பாத்திட்டு அழியுங்கோ.