இயர் 9-ல் வந்து சேர்ந்த பிள்ளைக்கு டியூஷன்: யாரை வைப்பது, என்ன கேட்பது

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: மகள் இங்கிலாந்துப் பள்ளியில் இயர் 9-ல் (13-14 வயது வகுப்பு) சேர்ந்து ஒரு டெர்ம் முடிந்திருக்கிறது. ஊரில் கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கியவள். இங்கே கீழ் செட்டில், அதாவது திறன்படி பிரித்த கீழ்க் குழுவில், போட்டிருக்கிறார்கள், வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. டியூஷன் வைக்கலாமா, வைத்தால் எப்படிப்பட்டவரை, வாரத்துக்கு எத்தனை நாள்?

வைக்கலாம். ஆனால் பள்ளியிடமிருந்து சில விவரங்களை வாங்காமல் டியூட்டர் தேடப் போகாதீர்கள். கையில் எதுவும் இல்லாமல் போனால் அவர் தனக்குத் தெரிந்ததை நடத்திவிட்டுப் போவார். பிள்ளைக்கு எது தெரியவில்லையோ அது அப்படியே கிடக்கும்.

ஃபார்ம் டியூட்டருக்கோ (பள்ளியில் அவளுக்குப் பொறுப்பான வகுப்பாசிரியர்) கணக்குத் துறைத் தலைவருக்கோ ஒரு மின்னஞ்சல் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த எக்ஸாம் போர்டு, அதாவது தேர்வு வாரியம், என்று கேளுங்கள். ஏக்யூஏ, எட்எக்செல், ஓசிஆர், எடுகாஸ் என்று பல உண்டு, ஒரே பள்ளி கணக்குக்கு ஒன்றும் ஆங்கிலத்துக்கு வேறொன்றும் எடுத்திருக்கும். கடைசியாக எழுதிய அசெஸ்மென்ட் தாளைப் பார்க்கக் கேளுங்கள். மதிப்பெண் மட்டும் போதாது, அவள் எழுதிய விடைகளோடு தாள் வேண்டும். செட்களை எப்போது மாற்றியமைப்பார்கள் என்றும் கேளுங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான இஏஎல் உதவி, மாலை நேர ஹோம்வொர்க் கிளப் இரண்டும் இருக்கிறதா என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இருந்தால் காசில்லாமல் கிடைக்கும். கேட்காத பெற்றோருக்கு யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

செட் பற்றிய கேள்விதான் இதில் கனமானது. ஜிசிஎஸ்இ என்பது இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு. அதில் கணக்குக்கு இரண்டு அடுக்கு: கீழே ஃபவுண்டேஷன், மேலே ஹையர். கிரேடு 9 முதல் 1 வரை. 9-தான் உச்சம், 4 என்பது சாதாரணத் தேர்ச்சி, 5 வலுவான தேர்ச்சி. ஃபவுண்டேஷன் அடுக்கில் எழுதுகிற பிள்ளை எல்லாவற்றையும் சரியாகப் போட்டாலும் 5-க்கு மேல் வாங்க முடியாது. அடுத்த இரண்டு ஆண்டுப் படிப்பான ஏ லெவலில் கணக்கு எடுக்க விரும்பினால், அதை நடத்தும் பல சிக்ஸ்த் ஃபார்ம்கள் 6 அல்லது 7 கேட்கும். ஆக, ஆங்கிலம் வராததால் கீழ் செட், கீழ் செட்டில் இருப்பதால் ஃபவுண்டேஷன், ஃபவுண்டேஷன் எழுதியதால் ஏ லெவல் கணக்கு இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு மூடும். பல பள்ளிகளில் ஜிசிஎஸ்இ-க்கு எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதும் இயர் 9-லேயே நடக்கிறது. அதனால் மகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறாளா, கணக்கைக் கேட்கிற ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கிறாளா என்பதை இப்போதே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிப்பது கஷ்டமில்லை. அந்த அசெஸ்மென்ட் தாளை எடுத்து, மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் ஒரு குறி போடச் சொல்லுங்கள்: பாடமே தெரியாது, கேள்வி புரியவில்லை, தெரிந்தும் தவறவிட்டேன். அவளே போட வேண்டும், நீங்கள் போடக்கூடாது. இரண்டாவது குறி அதிகமாக இருந்தால் கணக்கு வாத்தியாரைத் தேடுவதில் பாதிப் பயன்தான். முதல் குறி ஒருசில பாடங்களில் மட்டும் குவிந்திருந்தால், ஊர்ப் பள்ளியில் அவளுக்கு இன்னும் நடத்தாத பகுதியாக இருக்கும். அதை ஒருசில வாரத்தில் கட்டி எழுப்பிவிடலாம்.

நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். விடை சரியாக இருக்கும், வழி எழுதியிருக்க மாட்டார்கள். இங்கே திருத்தும் முறையில் வழிக்குத் தனி மதிப்பெண், விடைக்குத் தனி மதிப்பெண். 'ஷோ தட்' என்று கேட்டால் விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், மதிப்பெண் முழுக்க வழிக்குத்தான். கோணக் கணக்கில் 'காரணம் தருக' என்று இருந்தால் எண் மட்டும் போதாது. 'ஆல்டர்நேட் ஆங்கிள்ஸ் ஆர் ஈக்வல்' என்று வார்த்தையில் எழுத வேண்டும். 'இசட் ஆங்கிள்' என்று எழுதினால் அந்தக் காரண மதிப்பெண் கிடைக்காது. இவை கணக்கறிவு இல்லாததால் வரும் இழப்பு இல்லை. எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் மார்க் ஸ்கீமைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் கிடைத்தால் சீக்கிரம் சரியாகும். பழைய தாள்களும் மார்க் ஸ்கீமும் போர்டுகளின் தளங்களிலேயே இலவசம். அதை ஃபோல்டரில் போட்டு விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

இங்கே டியூட்டர் என்று பெயர்ப்பலகை மாட்ட எந்தத் தகுதியும் சட்டப்படி தேவையில்லை. யாரும் மாட்டலாம். அதனால் விசாரிக்க வேண்டியது நம் பொறுப்பு. டிபிஎஸ் சான்று (குற்றப் பின்னணிச் சோதனை) இருக்கிறதா, எந்த ஆண்டு எடுத்தது, பள்ளியில் வேலை பார்த்தவரா, எந்த போர்டுக்கு நடத்தியிருக்கிறார், பேசிப் பார்க்க இரண்டு பெற்றோரின் தொடர்பு தருவாரா? பிறகு ஒரே ஒரு கேள்வி: "முதல் வகுப்பில் என்ன செய்வீர்கள்?" கடைசித் தாளை அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அவளோடு இருபது நிமிடம் பேசுகிறேன் என்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்பவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் உங்கள் மகளுக்கு ஆகமாட்டார். மூன்று மாதத்தில் 9 வாங்கித் தருகிறேன் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுங்கள்.

ஒரு வகுப்பையாவது பக்கத்து அறையிலிருந்து கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள், பேனா யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும். நல்ல வகுப்பு வெளியிலிருந்து கேட்க மந்தமாகத்தான் இருக்கும், இடைவெளி நிறைய இருக்கும். ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். 20 விழுக்காடு தள்ளுபடிக்குப் பிறகு ஒரு சட்டை 36 பவுண்டு, பழைய விலை என்ன? பிள்ளை 36-ல் 20 விழுக்காட்டைக் கூட்டி 43.20 என்று போடும். அவசரக்கார டியூட்டர் "இல்லை, 36-ஐ 0.8-ஆல் வகு, 45" என்று முடித்துவிடுவார். பிள்ளை எழுதிக்கொள்ளும், அடுத்த வாரம் அதே தவறு திரும்ப வரும். விஷயம் தெரிந்தவர் தவறு என்றே சொல்ல மாட்டார். "சரி, 43.20-க்கு 20 விழுக்காடு தள்ளுபடி போட்டுப் பார்" என்பார். 34.56 வரும். பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருக்கும், அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். பிறகு "அந்த 20 விழுக்காடு எந்த விலையில் எடுத்தது?" என்று ஒரு கேள்வி. பிள்ளையே 80 விழுக்காடுதான் 36 என்று பிடித்துவிடும். ஐந்து நிமிடம் கூடுதலாகப் போகும். ஆனால் சொந்த விடையைத் தானே சோதித்துப் பார்க்கிற வழி அவள் கையில் வந்துவிட்டது.

தன்னம்பிக்கை பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 'உன்னால் முடியும்' என்று தட்டிக்கொடுத்து அதை வரவழைக்க முடியாது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-லேயே இதை எழுதிவிட்டார்: ஒரு செயலைத் தானே செய்து முடித்த அனுபவம்தான் 'என்னால் ஆகும்' என்ற எண்ணத்துக்கு வலுவான ஊற்று, பிறர் சொல்லும் ஊக்கம் அதற்குப் பிறகுதான். அதனால் கொஞ்சம் முயன்றால் எட்டுகிற அளவில் கணக்கைத் தேர்ந்தெடுத்துத் தருவதுதான் டியூட்டரின் வேலை. எல்லாம் சுலபமாக இருந்தால் பிள்ளைக்கே அது பொய் என்று தெரியும். எல்லாம் கடினமாக இருந்தால் வகுப்பில் நடப்பதுதான் வீட்டிலும் நடக்கும்.

வகுப்பில் வாய் திறக்காததற்கு ஒரு குறிப்பிட்ட வைத்தியம் உண்டு. அடுத்த வாரம் பள்ளியில் வரப்போகும் பாடத்திலிருந்து ஐந்தாறு சொற்களையும் ஒரு கேள்வியையும் டியூட்டர் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அதற்கான பதிலை மகள் முழு வாக்கியமாக, ஆங்கிலத்தில், சத்தமாக இரண்டு முறை சொல்லிப் பார்க்க வேண்டும். வகுப்பில் அந்தக் கேள்வி வரும்போது அவளுக்கு அது புதிதாக இருக்காது. வாரத்துக்கு ஒரு முறை கை தூக்கினால் போதும், அதுவே ஆரம்பம். முடிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துவதைவிட இது கூடுதலாகப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ் பேசுகிற டியூட்டரா, இங்கத்தியவரா என்று தயங்கியிருக்கிறீர்கள். தமிழில் புரியவைத்து ஆங்கிலத்தில் எழுதவைப்பவர் கிடைத்தால் அவர்தான் முதல் தேர்வு. முழுக்கத் தமிழிலேயே ஓட்டிவிடுகிறவர் வேண்டாம். வீட்டில் எல்லாம் விளங்கும், தாளில் ஒன்றும் வராது. இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். கொஞ்ச காலத்தில் மகள் தோழிகளோடு சரளமாகப் பேசத் தொடங்கிவிடுவாள், மொழி வந்துவிட்டது என்று நாம் நினைப்போம். பேச்சுமொழி சுமார் இரண்டு ஆண்டில் வரும், பாடப்புத்தக மொழியில் உடன் படிப்பவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்பது இத்துறையில் பேர்பெற்ற ஜிம் கம்மின்ஸின் கணிப்பு. பேச்சு சரளமானதும் டியூஷனை நிறுத்தி, பிறகு வரலாற்றிலும் அறிவியலிலும் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் நிறைய. தேர்வில் இருமொழி அகராதி வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஆங்கில மொழித் தாளில் முடியாது, அகராதியில் விளக்கக் குறிப்புகள் இருக்கக்கூடாது, வகுப்பிலும் அதை வழக்கமாகப் பயன்படுத்தி வந்திருக்க வேண்டும். பள்ளியின் எக்ஸாம்ஸ் ஆஃபீசரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற இங்கிலாந்து அமைப்பு டியூஷன் ஆய்வுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் நடத்தும் வகுப்பால் சராசரியாக 5 மாதக் கூடுதல் முன்னேற்றம், சிறு குழுவில் 4 மாதம். பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஒரே நிலையில் உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் சென்டரை இதில் சேர்க்காதீர்கள். சுமார் 30 நிமிடமாக, வாரம் 3 முதல் 5 முறை, 10 வாரம் வரை நடப்பது நன்றாக வேலை செய்கிறது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. தனியார் டியூட்டர் அப்படி வரமாட்டார், பெரும்பாலும் வாரம் ஒரு மணி நேரம்தான். அதை 30 நிமிடமாக இரண்டு நாளுக்குப் பிரிக்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். மற்ற நாட்களில் அவள் தனியாக 20 நிமிடம், நோட்டை மூடி வைத்துவிட்டு, போன வகுப்புக் கணக்குகளை வெறுந்தாளில் போட வேண்டும். பார்த்துப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுப்பதுதான் நிற்கும். தினமும் ஒரு டியூஷன் என்று அடுக்கினால் அந்த 20 நிமிடத்துக்கு நேரமே இருக்காது, அப்புறம் கொடுக்கிற காசெல்லாம் கரிதான்.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, டியூட்டர் ஹோம்வொர்க்கைப் போட்டுக்கொடுப்பது. மதிப்பெண் ஏறும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், தேர்வில் குட்டு உடையும். பள்ளி ஆசிரியரும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து மேலே போய்விடுவார், அது இன்னும் கெடுதல். இரண்டு, பள்ளியில் ஒரு வழிமுறை, வீட்டில் வேறொரு வழிமுறை. சமன்பாட்டில் ஒரு எண்ணை மறுபக்கம் தள்ளிக் குறியை மாற்றுவது நம் பழக்கம், இங்கே இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டும் சரிதான், ஆனால் தடுமாறுகிற பிள்ளைக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குழம்பும். பள்ளி நோட்டைப் பார்த்து அந்த முறையிலேயே நடத்தச் சொல்லுங்கள். அப்பா சொல்லிக்கொடுக்கும்போதும் இதே விதிதான்.

பணம் வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள், டெர்ம் முழுவதற்கும் முன்பணம் வேண்டாம். வகுப்பை ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைன் என்றால் கூடத்தில் உட்காரட்டும், செய்திகள் உங்கள் எண்ணுக்கு வரட்டும், மகளோடு தனி அரட்டை வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து முதல் தாளைப் போன்ற இன்னொரு தாளைப் போடச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்த மதிப்பெண்ணை அப்புறம் பாருங்கள். முதலில் எத்தனை கேள்வி வெற்றிடமாக விட்டிருந்தாள், இப்போது எத்தனை என்று எண்ணுங்கள். அடித்துத் திருத்திய இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நல்லது, தன் வேலையைத் தானே சோதிக்கிறாள். வெற்றிடம் குறையவே இல்லையென்றால் டியூட்டரிடம் பேசுங்கள், அடுத்த நான்கு வாரமும் அப்படியே போனால் ஆளை மாற்றுங்கள். குறைந்திருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேரன்ட்ஸ் ஈவினிங்குக்கு (பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு) போய், செட் மாற்ற என்ன வேண்டும் என்று நேராகவே கேளுங்கள். சந்திப்பு பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடம்தான் இருக்கும், கேள்வியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

நான் சொன்னது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்துக்கு வேலை மாறிப் போகும் யோசனை இருந்தால் அங்கே தேர்வு முறையே வேறு, அதைத் தனியாகப் பேசலாம். பள்ளியிலிருந்து பதில் வந்ததும் கணக்குக்கு எந்த போர்டு, எந்த செட் என்று எழுதுங்கள். எந்தத் தாளிலிருந்து ஆரம்பிப்பது என்று சொல்கிறேன்.